சட்டியில் படிந்த வெள்ளை

பாளையங்கோட்டைச் சிறையில் இருக்கும் அத்தானுக்கு,

வடிவு எழுதுகிறேன். பிள்ளைகள் சுகம். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்களாம், அதனால் வக்கீலிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

வாழை முழுவதும் மஞ்சளாகிப் பட்டுப்போனது. போன வாரம் உங்கள் தம்பி மகாராஜன் வெறிபிடித்தவன் போல் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தான். அண்ணன் வெட்டியதில் உப்பளத்து ஃபிராங்க்ளினுக்குக் கைதானே போயிருக்கிறது, சாட்சி சொல்ல வாய் இருக்கிறதே என்றான். “அண்ணன் பாதியில விட்டத நான் முடிச்சிட்டு வாரேன் மதினி” என்றான். சொன்னால் செய்வான். உங்கள் ரத்தம்.

நேற்று சரண்யாதேவி என்று ஒரு கல்லூரிப் பிள்ளை தண்ணீர் சோதிக்க வந்தாள். ஃபிராங்க்ளின் வாய்க்காலில் உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டான் என்றுதானே அவர் மோட்டார் அறைக்குத் தீ வைத்தீர்கள், அணைக்க ஓடிவந்த அவரை வெட்டினீர்கள். நம் வயல் தண்ணீரை வற்றக் காய்ச்சி, அடியில் படிந்த வெள்ளையை ஊருக்கே காட்டினீர்களே, அந்தச் சட்டி கழுவாமல் கிடந்தது. அவள் அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தாள். நுரைத்துப் பொங்கியது. கடல் உப்பு இப்படிப் பொங்காது, இது சுண்ணாம்பு என்றாள்.

மலையில் கருங்கல் மேல் ஓடிவரும் ஆற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் இருக்காதாம். வாய்க்காலில் தண்ணீர் குறைந்ததும் நாம் போட்ட போர்க் கிணறு சுக்கான் என்ற சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கியிருக்கிறது. அந்தச் சுண்ணாம்பைத்தான் வாழைக்கு இறைத்திருக்கிறோம். வாய்க்காலில் அவள் கண்டது மேலே உள்ள ஊர்களின் சாக்கடையும் எல்லார் வயல் யூரியாவும், நம்முடையதும் சேர்த்து. உப்பளத்துத் தண்ணீர் துளிகூட இல்லை. அத்தான், அந்த வெள்ளையை ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா? எனக்கு உங்கள் மேல் அவ்வளவு ஆத்திரம் வருகிறது.

அவளை உப்பளக்காரன் விலைக்கு வாங்கிவிட்டான் என்று மகாராஜன் சட்டியைத் தூக்கி அவள் மேல் எறிந்தான். நெற்றி கிழிந்து ரத்தம் வழியத்தான் பஸ் ஏறினாள். குறுக்கே விழுந்த எனக்கும் உதடு வீங்கியிருக்கிறது.

ஃபிராங்க்ளின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். அவர் மனைவி விக்டோரியாவைப் போய்ப் பார்த்தேன். முகத்தில் காறித் துப்பினாள். துடைத்துக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்று காலைப் பிடித்து மகாராஜனை நிறுத்தி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை உங்களைப் பார்க்க மனு போட்டு அவனைக் கூட்டி வருகிறேன். கோர்ட்டில் என்ன சொல்வது என்பதை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும். அவனிடம் மட்டும், நான் வெட்டியது தப்பான ஆளை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அடிக்கிறான். நீங்கள் சொன்னால் அழுவான். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நம் பிள்ளைகளுக்குச் சித்தப்பாவாவது வெளியே இருக்கட்டும்.

உங்கள் மனைவி,
அருணாசலவடிவு