கேட்காத காதுக்கு வாங்கிய சப்வூஃபர்

அன்புத் தம்பி சேகர்,

நீ இருந்தவரை, உன்னிடம் சொல்ல வேண்டியதைக் கைப்பேசியில் தட்டிக் காட்டுவேன். இன்று காட்ட ஆளில்லை. ஆகவே உன் பெயருக்கு எழுதி, ஊரார் படிக்க வைக்கிறேன்.

உனக்காக நான் நடத்தும் விபத்து வழக்கில் உன் மனைவி கலா சாட்சி சொல்லி முடித்துவிட்டாள். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அந்த வழக்கு எங்கே வந்து நின்றது தெரியுமா? நாம் இருவரும் வாங்கிய சப்வூஃபரில், அடித்தொனியை அதிர்வாக எழுப்பும் அந்த ஒலிப்பெட்டியில்.

இரும்பு அடிக்கும் பட்டறையில் நின்றே உன் காது போனது. தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்தாய். மேஸ்திரியின் உதட்டைப் பார்த்துத் தலையாட்டக் கற்றுக்கொண்டாய். உண்மை கலாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

ஹோம் தியேட்டர் கடையில் விற்பனையாளர் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலிக்கவிட்டபோது துணிக்கடைப் பொம்மை போல நின்றிருந்தாய். சப்வூஃபரைப் போட்டதும் உன் கை தானாக நெஞ்சுக்குப் போனது. "அண்ணாத்தே, இத்து பேசுது" என்றாய். அவர் காட்டிய பெரிய பெட்டி காலடிப்பேட்டையில் உன் சின்னக் கூடத்துக்கு அதிகம் என்று நான் தடுத்தேன். ஸ்பீக்கர் தரையைப் பார்த்திருக்கும் பத்து அங்குலப் பெட்டியைத் தேர்ந்தோம். உனக்கு வேண்டியது தரைதான்.

அதை வைக்க ஒரு முறை உண்டு. நீ உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்து ஓடவிட வேண்டும்; சுவரோரமாகத் தவழ்ந்து, ஒலி எங்கே தெளிவாக இருக்கிறதோ அங்கே பெட்டியை மாற்ற வேண்டும். மற்றவர்கள் காதால் தேடுவதை நீ உள்ளங்கையால் தேடினாய். மூலையில் வெறும் குமுறல். ஜன்னலுக்குக் கீழே தாளத்தின் ஒவ்வோர் அடியும் தனித்தனி.

"இன்னாத்த தொலைச்சுட்டு இப்டி தவழ்ந்துகினு கீற?" என்றாள் கலா.

அவள் உதட்டைப் படித்துவிட்டு, "உன் அறிவைத்தான் தேடிகினு கீறேன். ஆப்டல" என்றாய்.

அப்படியும் சிமென்ட் தரை அதிர்வை விழுங்கியது. எல்லோரும் அதிர்வு வெளியே போகாதிருக்க வைத்திருக்கும் ரப்பர் கால்களைக் கழற்றினாய். சரக்குப் பெட்டி பிரித்த நீளப் பலகை ஒன்றைப் போட்டு, ஒரு முனையில் சப்வூஃபரையும் மறுமுனையில் உன் வெறுங்காலையும் வைத்தாய். ஆண் குரலின் அடிப்பாகமும் அந்தப் பெட்டி வழியே வரும்படி, குமிழை வழக்கமான அளவுக்கு மேலே நான் திருப்பினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

"யாரோ பேசுறான். இன்னா பேசுறான்னு தெரியல. ஆனா பேசுறான்."

அந்த முகத்தை நான் எந்த மன்றத்தில் சாட்சியாக நிறுத்துவேன்?

விபத்தன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் உன் காலடியில் பலகை இல்லை. பட்டறையின் தடித்த பூட்ஸ் இருந்தது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த லாரி வரிசையை முந்துவதற்காக இடது ஓரத்தில் ஏறிய ட்ரெய்லர், பின்னாலிருந்து வந்தது. ஹாரன் அடித்தேன் என்கிறார் ஓட்டுநர். அடித்திருக்கலாம். ஓரத்தில் நடந்தவன் மீது ஏற்றுவதற்கு ஹாரன் அனுமதிச் சீட்டு ஆகுமா?

ஆனால் உனக்குக் காது கேட்காது என்று தெரிந்தால், பழியில் பாதியை உன் மேலேயே போடுவார்கள். கலாவின் தம்பி பாபு அதற்கு வழி கண்டுபிடித்தான்.

"மாமா, சப்வூஃபரை போட்டோ புடிச்சு கோர்ட்ல காட்டு. காது கேக்காதவன் எதுக்கு மாமா இம்மாம் பெரிய பொட்டி வாங்குவான்? எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

அந்த வாதம் எடுபட்டிருக்கும் என்பதுதான் கொடுமை. பொய்யைச் சாட்சியமாக நான் தாக்கல் செய்யமாட்டேன்; வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு என்று கலாவிடம் சொன்னேன். பாபு முறைத்தான். அவள் குனிந்து அந்தப் பலகையைத் தொட்டுவிட்டுச் சொன்னாள்:

"கேக்குதுன்னு நடிச்சு நடிச்சே அந்தாளு போய் சேர்ந்தாரு. செத்தப்பறமும் நடிக்கணுமா? காது கேக்காதுன்னே எழுதுங்க மாமா."

எழுதினேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார்: "காது கேட்காதவரைத் தனியே சாலையில் அனுப்பியது ஏன்?"

"நான் எங்கீங்க அனுப்புனேன்? அவரு வேலைக்குப் போனாரு."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

இத்துடன் முடிந்திருந்தால் உனக்கு நல்ல செய்தியாகவே எழுதியிருப்பேன். செய்தி பட்டறைக்குப் போய்விட்டது. இப்போது எல்லோருக்கும் காது பரிசோதனை என்கிறார்கள். மறைத்தவன் நீ ஒருவன் மட்டுமா? உன் பக்கத்து எந்திரத்தில் வேலை செய்யும் மணி, கல்மண்டபம் பேருந்து நிறுத்தத்தில் என்னை மறித்தார்.

"இன்னா வக்கீலு, செத்தவனுக்கு நாயம் கேக்கப் போயி, உயிரோட கீறவன் சோத்துல மண்ணப் போட்டுட்டியே?"

நான் எதைச் சொல்லியிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் உதட்டை. உன் தோழர்களின் வீட்டார் இப்போது கலாவோடு பேசுவதில்லை. தெருக்குழாயில் அவள் குடம் நகர்ந்தால்தான் தங்கள் குடத்தை வைக்கிறார்கள்.

தம்பி, தீர்ப்பு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத என் தொழில் இடம் தராது. என்னால் கொடுக்கக்கூடிய வாக்கு இவ்வளவே. கேட்காமற்போனது உன் குற்றம் என்று ஒரு வரி இருந்தாலும் மேல்முறையீட்டுக்குப் போவேன். அந்தப் பரிசோதனையைக் காரணம் காட்டி மணியையோ வேறொருவரையோ வெளியே அனுப்பினால், அவர்கள் என்னை ஏசிக்கொண்டே வந்தாலும் அவர்களுக்காக எழுந்து நிற்பேன். அவர்கள் வராவிட்டால், நானே அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவேன். தட்டுவது கேட்காது என்றால், திறக்கும்வரை வாசலில் நிற்பேன்.

உன் பெரியப்பா மகன்,
உனக்காக வழக்காடும் அண்ணன்