வியாழக்கிழமைப் படக்காரர்கள்

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். கடிதம் என்றதும் பதறிவிடாதீர்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போன் பேசும்போதெல்லாம் அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் காதுபட இதைப் பேச எனக்கு வாய் வராது. அதனால் மதியம் எக்ஸ்ரே அறையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, நோயாளிகளுக்குப் படம் போட்டுக் கொடுக்கும் பழுப்பு உறைகளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். காகிதத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

முதலில், விளம்பரப் புத்தகத்தோடு அனுப்பிய குறிப்பில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இந்த வருடம் கிடைத்த இருபது நாள் விடுமுறையில் பதினாறு நாளை அந்தப் புகைப்படச் சுற்றுலாவுக்குக் கொடுக்கலாமா, வழிகாட்டி விஷயம் தெரிந்தவரா என்று கேட்டிருந்தீர்கள். அதே ஆட்கள் நம் ஊரில் வியாழக்கிழமைதோறும் ஒரு நாள் மாதிரிச் சுற்றுலா நடத்துகிறார்களாம், உங்கள் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு இருபதாம் தேதிக்குள் சொல் என்று அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தீர்கள். போனேன். பார்த்தேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். குளித்தும் போகவில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு, அத்தையை வழக்கம்போல் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காலையிலேயே போய் வேனில் ஏறினேன். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டையில் ஒரு கணவன் மனைவி, எங்கே பார்த்தாலும் தரையில் படுத்துக்கொண்டு படம் எடுக்கும் ஒரு பல் டாக்டர், இப்படிச் சிலர். வழிகாட்டி எந்நேரமும் தொப்பியோடு இருந்தார். எங்கே போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டாராம். வாழ்க்கை தானாக எதிரே வர வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது, நானும் தலையாட்டினேன்.

வாழ்க்கை எப்படி எதிரே வந்தது என்று கேளுங்கள். ஒரு தச்சர் பட்டறைக்குப் போனோம். பாவம், அந்த மனிதர் சட்டை போட்டுக்கொண்டு அவர் பாட்டுக்கு இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார். தொப்பிக்காரர் அவருடைய சட்டையைக் கழற்றச் சொல்லி, பாட்டிலில் இருந்த தண்ணீரை முதுகில் தெளித்து, உழைப்பின் வியர்வை, எடுங்கள் என்றார். அடுத்தது முடிதிருத்தும் கடை. ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையோடும் உட்கார்ந்திருந்தவரை அப்படியே நிறுத்திவைத்துப் பதினொரு பேரும் சுற்றி நின்றோம். அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று அவர் இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டினார். நுரை காய்ந்து கன்னத்தில் வெடிப்பு விட்டதை ஒருவர் கிட்டப் போய் எடுத்தார்.

அவர்கள் விளம்பரப் புத்தகத்தில் மூன்றாம் பக்கம் இருக்கிறதே, மழைத்தெருவில் சிவப்புக் குடையோடு ஒரு பெண் நடந்துபோவது? ‘என்ன அதிர்ஷ்டம், சரியான நேரத்தில் வந்திருக்கிறாள்’ என்று எழுதியிருந்தீர்களே? அவள் எங்கள் வேனில்தான் வந்தாள். டிரைவரின் மனைவி. எங்கே இறங்கினாலும் குடையை விரித்துக்கொண்டு குறுக்கே நடப்பதுதான் அவள் வேலை. ஒரே சந்தில் ஏழு தரம் நடந்துவிட்டு வந்து, முழங்கால் விட்டுப்போகிறது என்று என்னிடம் அழாக்குறையாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வா, படம் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

நானும் ஒரு நாளைக்கு நாற்பது படம் எடுக்கிறவள். பேர் கேட்பேன், எங்கே வலிக்கிறது என்று கேட்பேன், இடதா வலதா என்று ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்பேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் அடுத்த நொடியே விடுங்கள் என்றும் சொல்வேன். இவர்கள் யாரிடமும் பேர்கூடக் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் போனிலேயே திட்டித் தீர்த்திருப்பேன். மேலே எழுதுவதற்கு முன்னால் உங்களிடம் நான் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தைக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. இன்று நேற்றல்ல, ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போனில் உங்களிடம் ‘சாப்பிட்டியா, மழை பெய்யுதா, எப்ப வர்ற’ என்று மூன்று கேள்வி கேட்பாரே, மூன்றையும் அவர் காதில் சொல்லிக் கொடுப்பது நான்தான். அம்மா நன்றாகப் பேசுகிறார் என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், நான் வாயை மூடிக்கொள்வேன். அங்கே வெளியூரில், கிடங்கு வேலையில் தனியாகக் கிடக்கிறவரிடம் இதை வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு.

பயணச்சீட்டுக் கவுண்டரில் முப்பது வருடம் முகம் பார்த்த அத்தைக்கு இப்போது முகங்கள்தான் நிற்பதில்லை. நம் கல்யாணப் படத்தைக் காட்டினால், மாப்பிள்ளை யாரு, லட்சணமா இருக்கானே என்கிறார். ஆனால் கூடத்தில் நீங்கள் கழுத்தில் கேமராவோடு நிற்கும் படத்தைப் பார்த்தால் மட்டும், என் பையன் என்கிறார். கொஞ்ச மாதமாகச் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தால், ‘அவன் வந்தான், பேசிட்டுப் போனான்’ என்பார். யாரும் வரவில்லை அத்தை, உங்கள் மகன் வெளியூரில் இருக்கிறார் என்று நான் மறுபடி மறுபடி சொல்லித் திருத்துவேன். ஒரு நாள் கோபத்தில் கத்தியும் விட்டேன். அது எப்போதும் வியாழக்கிழமையாகவே இருந்தது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அன்றைக்கு மதியத்துக்கு மேல் வேனில் தொப்பிக்காரர் எழுந்து நின்று, கடைசியாகப் போகிற இடம்தான் இன்றைக்கு விசேஷம் என்றார். ஒரு வாசல், ஒரு கிழவி. ‘வந்துட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த முகம் மலரும், மூன்றே நொடிதான் இருக்கும், கோட்டை விட்டுவிடாதீர்கள் என்றார். எல்லோரும் கேமராவைத் துடைத்துத் தயார் செய்தார்கள். நானும் உங்கள் கேமராவைத் துடைத்தேன். வேன் மருந்துக் கடையைத் தாண்டி நம் தெருவுக்குள் திரும்பியபோதுகூட எனக்கு உறைக்கவில்லை, நமக்கு எதிரே இருக்கிற பழைய கட்டடத்தை எடுக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

அத்தை நம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை வாரி, முகத்துக்குப் பவுடர் பூசி, யாரோ வரப்போகிறார்கள் என்ற தோரணையில் இருந்தார். அவன் (இதுவரை மரியாதை கொடுத்து எழுதிவிட்டேன், இனி முடியாது) கழுத்தில் கேமரா தொங்க நேரே போய், ‘வந்துட்டேன்’ என்றான். நீங்கள் ஊருக்கு வந்து இறங்கும்போது அத்தை ஒரு முகம் வைத்திருப்பாரே, அதே முகம். சடசடவென்று பத்து கேமராக்கள் அடித்தன.

பிறகு அவர் பார்வை மற்றவர்கள் பக்கம் வந்தது. எல்லோர் கழுத்திலும் கேமரா. குழம்பிப்போய் எழுந்து வந்து, ஒவ்வொருவர் கழுத்திலும் இருந்த வாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார். உங்கள் கேமராவின் வார் அறுந்தபோது தன் பழைய நீலச் சீருடையை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்தாரே, அந்தத் தையலை விரலால் தடவினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“எப்பப்பா வந்த? ஏன் வெளியவே நிக்கிற?” என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. “இப்பதாம்மா வந்தேன்” என்றேன். பின்னாலிருந்து அவன், யாரும் அசையாதீங்க, மூச்சைப் பிடிச்சுக்கங்க என்று கிசுகிசுத்தான். தினமும் நான் சொல்கிற அதே வார்த்தை. அதை இப்போது அறையில் சொல்லும்போதெல்லாம் நாக்கு கூசுகிறது.

அத்தையை உள்ளே உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து, தெருவே கூடும் அளவுக்குக் கத்தினேன். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. வாராவாரம் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறானாம். “அவங்க முகத்துல அந்தச் சந்தோஷத்த வேற யாரு மேடம் குடுக்குறாங்க?” என்றான். கேள்வியை உங்களுக்கு அப்படியே அனுப்புகிறேன். தையல்காரம்மாவும், அம்மா சந்தோஷமாத்தானே இருக்காங்க, அதான் ஒண்ணும் சொல்லல என்றார். அவரைக் கோபித்து என்ன பயன்? இந்தப் பக்கம் இனி வேன் வந்தால் கண்ணாடி தப்பாது என்று மட்டும் அவனிடம் சொன்னேன். எல்லோரும் ஏறிய பிறகு பல் டாக்டர் திரும்பி வந்து, தலையைக் குனிந்துகொண்டு, தான் எடுத்ததையெல்லாம் என் கண்முன்னே அழித்தார். ஒன்றை மட்டும் அழிக்காமல் அனுப்பச் சொல்லி நானே கேட்டு வாங்கினேன். அந்தக் கேவலத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். படம் இதோடு இருக்கிறது. அதில் தெரிவது என் முதுகும் உங்கள் அம்மாவின் முகமும்தான்.

இது போன வாரம் நடந்தது. அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன், வெறும் வசவாக வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். நேற்று மறுபடி வியாழக்கிழமை. மனசு கேட்காமல் அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். அத்தை தலை வாரி, பவுடர் பூசி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேன் வரவில்லை. வெயில் போய், எதிர்வீட்டில் விளக்குப் போடும்வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டபோது என்னை நிமிர்ந்து பார்த்து, “அவன் ஏன் வரல? நீ ஏதாவது சொன்னியா?” என்று கேட்டார். ஒரு வருடமாக என் பெயர்கூட நினைவில் இல்லாதவர், என்மேல் சந்தேகப்பட மட்டும் மறக்கவில்லை. உங்கள் அம்மா உங்கள் அம்மாதான்.

ஆக, அந்தச் சுற்றுலா தேறுமா என்றால், தேறாது. அங்கேயும் ஒரு சிவப்புக் குடை இருக்கும், முதுகில் தண்ணீர் தெளிக்கப்பட்ட ஒரு தச்சர் இருப்பார், யாரோ ஒருவருடைய அம்மா வாசலில் இருப்பார். மற்றபடி முடிவு உங்களுடையது. போக வேண்டாம் என்று நான் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை, இழுக்கிற தூரத்திலும் நீங்கள் இல்லை.

வருவதாக இருந்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேமரா என்ற பேச்சே இனி இந்த வீட்டில் கூடாது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது நானே அந்த நீல ஒட்டுப்போட்ட வாரைக் கழற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அதை உங்கள் புதுக் கேமராவில் மாட்டி, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வாருங்கள். வியாழக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். வாசலில் நின்று படம் மட்டும் எடுத்துவிடாதீர்கள், அவர் எழுந்து வரும்போது உங்களுக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டீர்களா? அங்கே மழை பெய்கிறதா? மூன்றாவது கேள்வியை இந்த முறை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானே கேட்கிறேன்.

எப்போது வருகிறீர்கள்?

இப்படிக்கு,
அந்தப் படத்தில் முதுகு காட்டி நிற்பவள்