உன் தம்பி ஒரு அடி பின்னால் வைத்ததைப் பற்றி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதறது.

இங்க நாங்க மூணு பேரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம் கண்ணு, நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர்ல காய்ச்சல் தலைவலி இல்லாம இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்ல. ஆஸ்பத்திரி கேன்டீன்ல நின்னுக்கிட்டே சமைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதுக்கு, உட்கார்ந்து சமைக்க நான் என்ன ராஜாவான்னு கேட்டுட்டு வந்திருக்காரு, கடைசில அந்த டாக்டரே ஒரு உயரமான ஸ்டூல் வாங்கி அனுப்பினாரு, இப்ப அதுல உட்கார்ந்துக்கிட்டு நிஜமாவே ராஜா மாதிரிதான் எல்லாரையும் அதட்டறாராம். எனக்கு பஸ் ரூட் மாத்திட்டாங்க, ஆஸ்பத்திரியிலிருந்து ரயில் ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டறேன், நெரிசல்தான், ஆனா வண்டி புதுசு, பிரேக் சொன்ன பேச்சு கேக்குது. சமையல்கட்டுக் குழாய் மட்டும் இன்னும் சொட்டிக்கிட்டே இருக்கு, அப்பா நாளைக்கு நாளைக்குன்னு சொல்லியே வருஷத்த ஓட்டிடுவாரு.

இதையெல்லாம் போன்லயே சொல்லலாமேன்னு நீ நினைப்ப. உன் தம்பி பேச்சை எடுத்தாலே சிக்னல் சரியில்லம்மான்னு வெச்சுடறியே, அப்புறம் எங்க சொல்றது. கடுதாசியை அப்படிப் பாதியில வெக்க மனசு வராது, அதான் எழுதறேன். கோபப்படாம கடைசி வரைக்கும் படி.

சிரிப்பண்ணனை உனக்கு மறந்திருக்காது. உன் கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சாரே, காது சுத்தமா கேக்காது, என்ன சொன்னாலும் முதல்ல ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு அப்புறம் நம்ம வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குவாரே, அவரு செத்துப் போன சேதி மட்டும்தான் உனக்குத் தெரியும், எப்படின்னு முழுசா தெரியாது. அன்னைக்கு மத்தியானம் நகைக்கடைல ஒருத்தன் திருடிட்டு ஓடியிருக்கான், வெள்ளைச் சட்டைன்னு போலீஸுக்குத் தகவல். நம்ம டெப்போவுக்குப் பின்னாடி இருக்கற சந்துல சிரிப்பண்ணன் வேலை முடிச்சு வெள்ளைச் சட்டையோட நடந்து போயிருக்காரு. பின்னாலேர்ந்து நில்லு நில்லுன்னு கத்தியிருக்காங்க, அவருக்கு எங்க கேக்கும். யாரோ ஓடி வர்ற அதிர்வு தெரிஞ்சு திரும்பிப் பார்த்திருக்காரு, துப்பாக்கியைப் பார்த்ததும் காது கேக்காதுன்னு அச்சடிச்ச அட்டையை எடுக்கச் சட்டைப் பைக்குள்ள கையை விட்டிருக்காரு. அவ்வளவுதான். அட்டை பாதி வெளிய வந்தபடியே இருந்துச்சாம்.

சுட்டவரு யாருன்னா, உன் தம்பி போலீஸ் வேலைக்குச் சேர்ந்தப்போ அவனைக் கூடவே கூட்டிட்டுப் போய் வேலை கத்துக் குடுத்தாரே ஏட்டு, அவருதான். நம்ம வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டு, அப்பா சமையலைப் புகழ்ந்துட்டுப் போனவரு. அன்னைக்கு உன் தம்பி அங்க இல்ல, ஊருக்கு அந்தப் பக்கம் டூட்டி. ஆனா நீ நம்ம குடும்ப குரூப்ல அவனுக்கு, உன் யூனிஃபார்மைப் பார்க்கவே பிடிக்கலன்னு எழுதின பாரு, அதை அவன் படிச்சான். போனைக் கவுத்து வெச்சுட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். உன் கோபம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கும் வயிறு எரிஞ்சுது. ஆனா யாரு மேல காட்டறதுன்னு தெரியாம கைக்கு எட்டினவன் மேல காட்டிட்ட.

அதுக்கப்புறம் ஊரே ரெண்டாப் போச்சு. என் பஸ்ஸுல ஏறினா போதும், முன் சீட்டு ஒரு கட்சி, பின் சீட்டு ஒரு கட்சி. போலீஸ்காரனுக்கு உயிர் இல்லையா, அரை நொடில அவன் என்னத்தைக் கண்டான்னு ஒரு கூட்டம். கையில ஒண்ணுமே இல்லாத மனுஷனைச் சுட்டா அதுக்குப் பேரு என்னன்னு இன்னொரு கூட்டம். தினமும் ஏறற பேங்க்காரர் ஒருத்தர், நில்லுன்னு சொன்னா நின்னிருக்கணும், நிக்கல, அப்புறம் என்ன பண்ணுவாங்கன்னு பேசிக்கிட்டே வந்தாரு. நான் வாயை மூடிக்கிட்டுத்தான் ஓட்டுவேன், அன்னைக்கு முடியல. சார், நான் ஹார்ன் அடிச்சேன், அவரு நகரல, அதனால ஏத்திட்டேன்னு நான் சொன்னா என் லைசென்ஸை விட்டு வெப்பாங்களான்னு கேட்டுட்டேன். ஆனா அவரு ஒத்துக்கல, அது வேற இது வேறன்னு சொல்லிக்கிட்டேதான் இறங்கிப் போனாரு. மறுநாளும் ஏறினாரு, மறுநாளும் அதே பேச்சு. நல்ல மனுஷன்தான்.

வீட்டுலயும் அதே கதை. அப்பா போலீஸ் கட்சி. நாளைக்கு நம்ம பையன் சுடலாமா வேணாமான்னு யோசிச்சு நிக்கறப்போ எதிராளி கத்தியை இறக்கிட்டான்னா நீயா வந்து பதில் சொல்வன்னு என்கிட்ட சத்தம் போட்டாரு. அந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லையா. அவன் டூட்டிக்குக் கிளம்பி, பைக் சத்தம் தெருமுனையில தேயற வரைக்கும் ஜன்னல் கிட்ட நிக்கறவ நான்.

அப்புறம்தான் நகரசபையில ஒரு பொதுக்கூட்டம் போட்டாங்க, இப்ப ஊர் போலீஸ் அவங்க பொறுப்புலதானே. போலீஸ் எப்போ துப்பாக்கி எடுக்கலாம், எப்போ கூடாதுன்னு புதுசா விதி எழுதப் போறோம், யாரு வேணா வந்து பேசலாம்னு. நான் லீவு சொல்லிட்டுப் போனேன், அப்பா நான் தனியாப் போகக் கூடாதுன்னு கூட வந்தாரு, அதாவது அவருக்கும் பார்க்கணும். மண்டபத்துல ஜனம் நெருக்கியடிச்சு நின்னுச்சு, மின்விசிறி ஒண்ணு கிறீச் கிறீச்னு கத்திக்கிட்டிருந்துச்சு. உன் தம்பி சுவரோரமா மத்த போலீஸ்காரங்களோட நின்னிருந்தான், எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான்.

முதல்ல ஒரு போலீஸ்காரர் வீட்டம்மா பேசினாங்க. அவங்க வீட்டுக்காரரு சண்டையை விலக்கப் போய் வயித்துல கத்திக்குத்து வாங்கினவரு, இன்னும் குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாது. அவர் கையைக் கட்டிப் போட்டுடாதீங்கன்னு சொல்லி அழுதாங்க. அவங்க சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. அடுத்து சிரிப்பண்ணன் சம்சாரம் வந்தாங்க, ரெடிமேட் கம்பெனில தைக்கறவங்க, காது கேக்கும். அழவே இல்ல. மைக்கைப் பிடிச்சு, பயந்து போய் சுட்டுட்டோம்னு சொல்றீங்க, எனக்கு இப்போ போலீஸைப் பார்த்தாப் பயமா இருக்கு, எனக்கு நீங்க என்ன குடுக்கப் போறீங்கன்னு கேட்டாங்க. அப்புறம் முதல்ல பேசின அந்த அம்மா பக்கம் திரும்பி, உங்க வீட்டுக்காரரு நல்லா இருக்கணும்மா, என் வீட்டுக்காரரும் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்கணும், ரெண்டும் நடக்கற மாதிரி ஒரு வழி இல்லையான்னு கேட்டுட்டு உட்கார்ந்துட்டாங்க.

அப்போ சுவரோரத்துலேர்ந்து ஒரு கை எழுந்துச்சு. நம்ம பையன் கை. அப்பா என் முழங்கையை இறுக்கிப் பிடிச்சாரு, வேணாம்னு சொல்லுடின்னு காதுல சொன்னாரு, நான் எங்க போய்ச் சொல்றது. அவனோட அதிகாரி திரும்பி முறைச்சது எனக்கே தெரிஞ்சுது. ஆனா கூட்டத்தை நடத்தின அம்மா பேசுங்கன்னுட்டாங்க.

அவனுக்குக் கூட்டத்துல பேச வராதுன்னு உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துல ரெண்டு வரி ஒப்பிக்கறதுக்கே நாக்கு உலர்ந்து போய் நிப்பான். அன்னைக்கும் தடுமாறித்தான் ஆரம்பிச்சான். போன மழைக்காலத்துல ஒரு வீட்டுச் சண்டைன்னு தகவல் வந்து தனியாப் போனானாம். கதவைத் திறந்தா, மாடிப்படியில ஒருத்தர் வெறி பிடிச்ச மாதிரி நிக்கறாரு, ஒரு கை முதுகுக்குப் பின்னாடி, அதுல கறுப்பா ஏதோ இருக்கு. அந்தாள் படியிறங்கி வர்றாரு. உன் தம்பி கை தானா துப்பாக்கிக்குப் போயிடுச்சாம். என் விரல் அதுல பட்டதை என்னால இன்னைக்கும் மறக்க முடியலன்னு சொன்னான். அப்புறம் என்ன தோணிச்சோ, ஒரு அடி பின்னால வெச்சிருக்கான். வெச்சதும் கதவு நடுவுல வந்துடுச்சு. கதவுக்குப் பின்னாடி நின்னதும் மூச்சு விட முடிஞ்சுதாம். மூச்சு வந்ததும் பேச்சு வந்துச்சாம். என்ன ஆச்சுண்ணே, ஏன் இவ்வளவு கோபம்னு அங்கேர்ந்தே கேட்டிருக்கான். அந்தாள் அப்படியே படியில உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதிருக்காரு. கையில இருந்தது டிவி ரிமோட்.

மண்டபத்துல ஒரு சிலர் சிரிச்சுட்டாங்க, அவன் சிரிக்கல. இதை ஸ்டேஷன்ல சொன்னப்போ பயந்து பின்வாங்கினவன்னு பட்டப்பேரு வெச்சாங்க, அதனால வீட்டுல கூட சொல்லலன்னான். பின்னால போறது அவமானம்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க, அதை மாத்துங்க. எனக்கு அன்னைக்கு நேரம் கிடைச்சதால அவரும் பொழைச்சாரு, நானும் பொழைச்சேன். என் ஏட்டுக்கு யாராவது இதைச் சொல்லிக் குடுத்திருந்தா சிரிப்பண்ணன் இன்னைக்கு இருந்திருப்பாரு, ஏட்டும் வீட்டுல முகத்தை மூடிக்கிட்டுப் படுத்திருக்க மாட்டாரு. அப்படிச் சொல்லிட்டு, மைக்கை எங்க வெக்கறதுன்னு தெரியாம கையிலயே வெச்சுக்கிட்டு நின்னான். யாரும் கை தட்டல. கத்திக்குத்துப் பட்டவரோட வீட்டம்மாதான் எழுந்து போய் மைக்கை வாங்கி வெச்சுட்டு, அவன் தோளைத் தட்டிட்டு வந்தாங்க.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போது அப்பா, ரிமோட்டான்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். மறுபடியும் ரிமோட்டான்னு கேட்டுட்டுச் சிரிக்க ஆரம்பிச்சவரு, பார்த்தா அழறாரு. நம்ம வீட்டுல சேனல் மாத்தச் சண்டை போடறப்போ நானும்தானடி அதைக் கையில வெச்சுக்கிட்டுக் கத்தறேன்னாரு. அதுலேர்ந்து போலீஸ் கட்சியும் இல்ல, எந்தக் கட்சியும் இல்ல. உன் தம்பி வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அவனுக்குத் தட்டு வெச்சுப் பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டாரு.

சும்மா விடுவாங்களா, மறுநாளே அவனை ரோந்துலேர்ந்து எடுத்து, காணாம போன குடை, பை எல்லாம் வெச்சிருக்கற அறையில உட்கார வெச்சுட்டாங்க. கூட வேலை பார்த்தவங்க சிலர் பேசறதில்ல. ரொம்ப வாடித்தான் போனான், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா வந்து குடை வாங்கிட்டுப் போன ஒரு இளவயசு போலீஸ்காரன், அண்ணே எனக்கும் ஒரு தடவை அப்படி ஆச்சு, நானும் யார்கிட்டயும் சொல்லலன்னு மெதுவா சொல்லிட்டுப் போனானாம். அப்புறம் இன்னொருத்தன். குடை காணாம போகாதவங்களும் குடை தேடி வர ஆரம்பிச்சுட்டாங்கம்மான்னு சிரிக்கறான்.

நகரசபை ஓட்டெடுப்புல புது விதி பாஸாயிடுச்சு, அதிகமா இல்ல, ஒரு ஓட்டு வித்தியாசத்துல. ஆயுதம் கண்ணுல படாத வரைக்கும் முதல்ல தள்ளி நிக்கணும், மறைவு தேடணும், பேசணும், உயிருக்கே ஆபத்துன்னாத்தான் சுடலாம், சுட்டா வெளியாளுங்க விசாரிக்கணும். எங்கயும் ஒரே நாள்ல எல்லாம் மாறிடாது, போலீஸ் சங்கம் கோர்ட்டுக்குப் போறதாப் பேச்சு இருக்கு, ஏட்டு சஸ்பெண்ட்ல இருக்காரு, வழக்கு நடக்குது. அவரு சம்சாரத்தைக் காய்கறிக் கடைல பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கப் பார்த்தாங்க, நான்தான் போய்ப் பேசினேன். என்ன பேசினேன்னு கேக்காத, வெண்டைக்காய் முத்தலா இருக்குன்னு பேசினேன், வேற என்ன பேச வரும்.

இப்போ நல்ல சேதி. போலீஸுக்கு சைகை மொழி கத்துக் குடுக்க ஆள் வேணும்னு விதியிலயே எழுதியிருக்காங்க, யாரு வந்திருக்காங்கன்னு நினைக்கற, சிரிப்பண்ணன் சம்சாரம்தான். அவங்க ஒத்துக்கிட்டது எனக்கே நம்ப முடியல. நில்லுங்க, கையைக் காட்டுங்க, மெதுவா, பயப்படாதீங்க, இதெல்லாம் கையால சொல்லக் கத்துக் குடுக்கறாங்க. குடை அறையிலேர்ந்து உன் தம்பியைக் கூப்பிட்டு அந்த வகுப்புக்கு உதவிக்குப் போட்டிருக்காங்க. முதல் நாள் அந்த அம்மா யூனிஃபார்ம்களைப் பார்த்து வாசல்லயே நின்னுட்டாங்களாம், கால் உள்ள வரலையாம். இவன் முன்னாடி போய், இருக்கற தைரியத்தையெல்லாம் திரட்டி, பயப்படாதீங்கன்னு கையால சொல்லியிருக்கான். அது தப்பாப் போய், குளிக்காதீங்கன்னு சொல்லிட்டானாம். அந்த அம்மா அவனையே பார்த்திருக்காங்க. அப்புறம் சிரிச்சுட்டாங்க. அவரு போனதுக்கப்புறம் அவங்க சிரிச்சு யாரும் பார்த்ததில்லன்னு கூட வந்த அவங்க தங்கச்சி என்கிட்ட சொன்னா. உள்ள வந்து, அவன் விரலைப் பிடிச்சு மடக்கி, சரியாச் சொல்ல வெச்சாங்களாம்.

கண்ணு, நான் இதை எழுதறது அவனுக்குத் தெரியாது. அக்கா ஏதாவது பேசினாளான்னு தினமும் கேக்கறான், கேக்காத மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டுக் கேக்கறான். நீ மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம், அவனையும் கேக்க வெக்காத. வீடியோல கூப்பிடு. அவன் முதல்ல எதுவும் பேச மாட்டான், ரெண்டு கையையும் தூக்கி ஏதோ காட்டுவான், ஒரு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு பழகறான். அக்கான்னு அர்த்தமாம். தப்பா இருந்தாலும் சரின்னு சொல்லிடு.

மாப்பிள்ளையை இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லு, நீ ராத்திரி நேரங்கழிச்சுச் சாப்பிடறதை நிறுத்து. ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் சண்டை போட்டுக்கிட்டே நல்லா இருங்க. ஞாயித்துக்கிழமை காலைல அவன் வீட்டுலதான் இருப்பான், மறந்துடாத.

உன் குரலுக்காகக் காத்துக்கிட்டிருக்கிற,
அம்மா