கனவூரில் சட்டி கழுவுவது யார்?

22 பெப்ரவரி 2026, ஞாயிறு

துறைமுகத்தடி வாசகர் வட்டத்தின் புதுச் செயலாளர் லோஜினி எனக்குப் போன் எடுத்தாள். பெருநாள் கழிந்து வரும் கூட்டத்தில் பேச எனக்கு அரைமணி நேரம்! இத்தனை வருடமும் மறித்தவர் தலைவர் வல்லிபுரம் மாஸ்டர். "எட்டாம் வகுப்போடை நிண்டவர் தத்துவம் பேசுறதோ?" என்று சபையில் கேட்டவர். மறக்கமாட்டேன்.

தலைப்பு: ஆண்டான் இல்லாத ஊர். துறைமுக ஜெட்டியில் வேலை செய்த காலத்தில் கப்பல்காரர் விட்டுப்போன புத்தகங்களில்தானே நான் இங்கிலீஷ் படித்தேன்! தலைமயிர் வளர்த்து, பட்டணத்தை உதறி, காட்டுக்குள் காசும் கடிகாரமும் இல்லாத ஊர் கட்டப் போன பிள்ளைகள் எழுதியவை.

24 பெப்ரவரி

அப்படியொரு ஊர் எங்கேயும் இல்லை என்பார் மாஸ்டர். இருக்கிறது! பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில். நோன்புக் கஞ்சிக்கு வாளியோடு வருபவனிடம் எந்த மதம், எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை.

25 பெப்ரவரி

வீட்டில் அசனாவுக்கு என் பேச்சை வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்தபடி கேட்டாள்: "ஒங்கட ஊர்ல சட்டி கழுவுற யாரு?"

"எல்லாரும்."

"எல்லாருமெண்டா நான்தான். எனக்கு அந்த ஊரு வேணாம்."

பெண்சாதிக்கு எங்கே தத்துவம் விளங்கும் — இல்லை, இல்லை. அலுமாரியைத் திறந்து எல்லாப் புத்தகத்தையும் புரட்டினேன். விருந்து வருகிறது, பாட்டு வருகிறது, காதல் வருகிறது. கழுவுவது ஒன்றிலும் இல்லை! அந்தப் பிள்ளைகள் கட்டிய ஊர்கள் ஏன் நிலைக்காமல் உடைந்தன என்று விளங்கிவிட்டது! பேச்சில் அவள் பெயரைச் சொல்லத்தான் வேண்டுமா?

27 பெப்ரவரி

பள்ளிவாசலில் கஞ்சிச் சட்டி கழுவுகிற முனீபிடம் போனேன். ஆராய்ச்சிக்காக.

"ஹிஸ்புல்லாக் காக்கா, விலகுங்க. இடுப்புப் பிடிக்கும்."

விலகவில்லை. அடிப்பிடித்தது சுரண்டச் சுரண்ட வருகிறது.

28 பெப்ரவரி

இடுப்புப் பிடித்துவிட்டது. நாளையும் போவேன்.

29 மார்ச், ஞாயிறு

பேசினேன்! கேள்வி அசனாவுடையது என்றும் சொன்னேன். கைதட்டல் அடங்க முன்னமே மாஸ்டர் எழும்பினார். "நல்ல கதை. ஆனா ஆளாளுக்குக் கழுவினா ஒழுங்கா வருமோ, ஹிஸ்புல்லா?"

"வாங்க மாஸ்டர், பாப்பம்" என்று எல்லோரும் குடித்து வைத்த தேநீர்க் கோப்பைகளைக் காட்டினேன். சபை சிரித்தது. மனுசன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்! குழாயடியில் எனக்குப் பக்கத்தில் நின்று கழுவினார்.

அவர் கவிழ்த்து வைத்த கோப்பையொன்றின் விளிம்பில் தேயிலைக் கறை அப்படியே இருந்தது. திரும்பக் கழுவக் கை போனது. விட்டுவிட்டேன். அதிலேயே இன்னொரு தேநீர் வாங்கிக் குடித்தேன்.