ஒதுக்கி வைத்த ஒன்பது சீட்டுகள்

ஜெலுத்தோங், பினாங்கு
5 ஆகஸ்ட் 1984

அன்புள்ள குணவதி அக்காவுக்கு, பக்கத்து வீட்டு வள்ளி எழுதுவது.

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கத்தான் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று முதல் பாதியை என்னால் எழுத முடியவில்லை. இரண்டாம் பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் புளோக்கில் லிஃப்டு நிஜமாகவே பழுதாகிவிட்டது. போன வருஷம் ஓடுகிற லிஃப்டில் ‘ரோசாக்’, பழுது என்று அட்டை மாட்டி எல்லோரையும் படியேற வைத்தேன் அல்லவா? இப்போது நகராண்மைக்காரர்களே அட்டை மாட்டியும் ஒருவரும் நம்பவில்லை. பொத்தானை அமுக்கிக்கொண்டே என்னைத் திட்டுகிறார்கள். அம்மா சுகம். என் வாய் குறைந்துவிட்டது என்று கவலைப்படுகிறார். முன்பெல்லாம் குறையவில்லை என்று கவலைப்பட்டவர்.

அக்கா, இதைப் பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். எங்கேயாவது உட்காருங்கள்.

உங்கள் அம்மாவுக்கு, நம் வடிவு அத்தைக்கு, உடம்பு சரியில்லை. இடது மார்பில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, கெட்ட கட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் 4ஆம் தேதி அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். ஜூன் மாதம் ‘எல்லாரும் சௌக்கியம்’ என்று உங்களுக்கு வந்த கடிதம், வழக்கம்போல அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதியதுதான். அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தபின், உங்களிடம் மூச்சு விடக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். என் தலைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பங்கு ஒன்று இருக்கிறது. அதையும் என் வாயாலேயே நீங்கள் கேட்க வேண்டும்.

இங்கிலாந்துக்கு விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம், சூலியா வீதியில் அப்துல் ரசாக் மாமாவின் பழைய புத்தகக் கடையில் எனக்கு அந்தக் குறி பார்க்கும் டாரோட் சீட்டுக்கட்டை வாங்கிக் கொடுத்தீர்கள். எழுபத்தெட்டுப் படங்கள், கூடவே மூலை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம். எனக்கு நானே பார்த்தால் வாய் ஓயாது. அடுத்தவருக்குப் பார்க்க உட்கார்ந்தால் மட்டும் கை நடுங்கும். “கை நடுங்கினா எவடி நம்புவா? தெரியாட்டியும் தெரிஞ்ச மாதிரி சொல்லுலா” என்று சிரித்தீர்கள்.

நீங்கள் போனபிறகு, கீழே மளிகைக்கடை பக்கிரிசாமி அண்ணனுக்குத்தான் முதலில் பார்த்தேன். குதிரை மேல் எலும்புக்கூடு வந்தது. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் என்றுதான் புத்தகத்தில் போட்டிருக்கிறது. நான் “அண்ணே, அது வந்து...” என்று இழுப்பதற்குள், “கடை தொறக்குற நேரத்துல எலும்புக்கூட்டக் காட்டுறியா? எடுத்துட்டு ஓடு!” என்று கத்தி, வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டார். அதற்குப்பின் இரண்டு வாரம் என்னிடம் ஒருவரும் வரவில்லை.

ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, நம் ஆட்களுக்குக் காட்ட முடியாத படங்களைப் பொறுக்கினேன். எலும்புக்கூடு, இடி விழுந்த கோபுரம், கொம்பு வைத்த பேய், முதுகில் பத்து வாள் குத்திய ஆள், இப்படி மொத்தம் ஒன்பது. பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடினேன். அன்றிலிருந்து சீட்டுக்கட்டு போய்க் கட்டுக்கதை ஆனது.

எதைப் புரட்டினாலும் சூரியன், நட்சத்திரம், நிறைந்த கிண்ணம். கை நடுங்கவில்லை, குரல் தடுமாறவில்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பத்தாவது மாடியிலிருந்தெல்லாம் பெண்கள் இறங்கி வந்தார்கள். பக்கிரிசாமி அண்ணன்கூடச் சூரியனைப் பார்த்துவிட்டு ஒரு கறிபாப் தின்னக் கொடுத்தார்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை வந்தார். “என்ன விஷயம்னு மட்டும் கேக்காதடி. தன்னால சரியாப் போயிடுமா, போவாதா? அதச் சொல்லு போதும்” என்றார். உங்கள் பரீட்சையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். நட்சத்திரம் வந்தது. “அத்தை, எல்லாம் தன்னால சரியாப் போயிடும். நான் கேரண்டி” என்றேன். மே மாதம் மறுபடி வந்தார், ஜூனில் மறுபடி. மூன்று தடவையும் நல்ல சீட்டு. வேறென்ன வரும்? மூன்றாம் தடவை அவர் இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார். பார்த்தேன் அக்கா. பார்த்துவிட்டு, உங்களுக்கு வெள்ளைக்கார மாப்பிள்ளை வரப்போகிறார் என்று கதை விட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலையில், அத்தை தான் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி கேண்டீனில் தட்டு தூக்க முடியாமல் கீழே போட்டிருக்கிறார். அங்கிருந்த நர்ஸ்தான் விடாமல் கேட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாராம். என் அம்மா துணைக்குப் போனார். இத்தனை மாதம் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, “புள்ளகிட்டக் கேட்டேன், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுச்சு” என்றாராம் அத்தை. நர்சுக்குப் படிக்கிற உங்களைத்தான் சொல்கிறார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டாராம். அம்மா இதை எனக்குச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் தகரத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அத்தை நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டு ஒன்பது படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இதுங்க கட்டுல இல்லன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகு, எல்லாவற்றையும் கலந்து இன்னொரு தடவை பாரு என்றார். முடியாது என்று அழுதேன். விடவில்லை. ஒரே ஒரு சீட்டுதான் புரட்டினேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் ஒரு பெண், பக்கத்தில் ஒருவருமில்லை. கை ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டு, “அத்தை, இந்தப் பொம்பள தூங்கல. என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. இந்தச் சீட்டுக்கும் தெரியாது” என்றேன். ஒருவருக்குப் பார்த்து நான் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

அத்தை அந்தப் படத்தைக் கையில் எடுத்தார். “நாந்தான்” என்றார். பிப்ரவரியில் குளிக்கும்போதே கையில் தட்டுப்பட்டதாம். “ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டணும்பான். குணாவுக்குத் தெரிஞ்சா படிப்ப விட்டுட்டு ஓடியாந்துருவா. பயமா இருக்குடி” என்றார். அத்தை பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆனால் அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் சம்மதிக்கவில்லை, அக்கா. நவம்பரில் உங்கள் பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிடிவாதம். நவம்பர் வரை வைத்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார். அம்மா சொல்லிப் பார்த்தார், நானும் சொன்னேன். என் சொல்லுக்கு இனி என்ன மதிப்பு? உங்கள் ஒருத்தர் சொல்தான் பாக்கி.

நீங்கள் கடிதம் எழுதினால் நான்தான் அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும். நான் புளுகுகிறேன் என்பார். அதனால் ஆகஸ்ட் 19 ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்குக் காலை பத்து மணி, எங்களுக்குச் சாயங்காலம் ஐந்து, பக்கிரிசாமி அண்ணன் கடைக்குப் போன் செய்யுங்கள். எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எப்படியாவது அத்தையை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். அண்ணனிடம் விஷயம் சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வேறு யாரையும் போனைத் தொடவிட மாட்டேன் என்றிருக்கிறார்.

பரீட்சையை விடுவதா எழுதுவதா என்பது உங்கள் முடிவு. அதில் நான் வாய் திறக்க மாட்டேன். நாலாம் தேதி போகச் சொல்லுங்கள், அது போதும். ஆஸ்பத்திரியில் அம்மாவும் நானும் மாறி மாறி இருப்போம்.

மாரியம்மன் உங்கள் இருவரையும் காக்கட்டும். அத்தைக்குப் போனில் பேசிப் பழக்கமில்லை. உங்கள் குரல் கேட்டதும் பேச்சு வராமல் நிற்பார். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள், அக்கா. அவர் அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
புஷ்பவள்ளி