சென்னம்மா போர் போட்டதால பூமி ஆடல

அன்புள்ள மகள் வெண்மதிக்கு, அம்மா எழுதறது. நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், நீ ஜப்பான்ல வேளைக்குச் சாப்பிடறியான்னுதான் எனக்கு ஒரே நினைப்பு. நம்மூரு ஆடுன சேதி கேட்டு நீ போன்ல அழுததுல என்னால எதையும் முழுசா சொல்ல முடியல, அதான் உக்காந்து எழுதறேன்.

அன்னிக்கு மத்தியானம் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிட்டு இருந்தேன், தொப்பூர் மலையில லோடு லாரி இறங்கற மாதிரி கீழ ஒரு உறுமல், காலடி நழுவுச்சு. வூட்டுக்கு ஓடியாந்தா பாத்திரமெல்லாம் கீழ கிடக்கு, சமையக்கட்டுச் சுவத்துல விரிசல். யாருக்கும் அடி படல. ஆனா சாயங்காலமே உன் சித்தப்பா கோவிந்தன் ஆரம்பிச்சுட்டான், கீழத்தெரு சென்னம்மா போன வாரம் ஆயிரம் அடிக்குப் போர் போட்டதுதான் பூமியக் குடைஞ்சு ஆட்டிருச்சுன்னு. நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் அவ மோட்டார் ஃபியூசைப் பிடுங்கிட்டு வந்துட்டான். புருசன் இல்லாதவ, அந்தத் தண்ணிய நம்பித்தான் நாத்து நட்டிருந்தா. அக்கா நான் என்ன பண்ணேன்னு என்கிட்ட வந்து அழுதா. சொந்தக்காரனைப் பகைச்சுக்காதேன்னு உங்கப்பா சொன்னாரு, எனக்குப் பொறுக்கல.

அப்புறம் அதிர்வை அளக்கற கருவி வைக்க தமிழ்மணின்னு ஒரு ஆபீசரம்மா வந்தாங்க. ஊரே கூடியிருக்கறப்ப, ஏங்க, போர் போட்டா நிலம் ஆடுங்களான்னு நானே கேட்டேன். பொறுமையா சொன்னாங்க. பூமியோட மேல்பாறை ஒரே துண்டா இல்லையாம், பெரிய பெரிய தட்டா பிரிஞ்சு ரொம்ப மெதுவா நகருதாம். நம்ம தட்டு வடக்க இமயமலைப் பக்கம் முட்டிட்டே இருக்கறதால அந்த அழுத்தம் இங்க வரைக்கும் வருதாம். நம்ம பக்கத்துப் பழைய பாறைக்குள்ள வெடிப்புங்க இருக்கு, ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு இறுக்கிட்டு நிக்கும், தாங்க முடியாதப்ப சட்டுனு வழுக்கும், அந்த அதிர்வுதான் அலையா மேல வருது, அதெல்லாம் பல கிலோமீட்டர் ஆழத்துல நடக்கறது, இந்தப் போரெல்லாம் அதுக்கு மேல ஊசி குத்துன மாதிரின்னாங்க. மறுபடி வருமான்னா, வரலாம், வராமலும் போகலாம், நாளைச் சொல்ல யாராலயும் முடியாதுன்னு ஒளிக்காம சொன்னாங்க.

அப்பவும் கோவிந்தன் ஃபியூசைத் தரல. நான் பாலக்கோடு போய் புதுசா ஒண்ணு வாங்கிட்டு நேரா சென்னம்மாவோட மோட்டார் கொட்டாய்க்குப் போனேன், பின்னாலயே கூட்டம் வந்துருச்சு. திரும்பினா உங்கப்பா கையில டெஸ்டரோட நிக்கறாரு, தள்ளு, ஷாக் அடிக்கப்போகுதுன்னு அவரே மாட்டிவுட்டாரு. மோட்டாரை நான் போட்டேன். தண்ணி கொட்டுச்சு, சென்னம்மா பைப்புக்குக் கீழயே உக்காந்துட்டா. மறுநாள் கோவிந்தன் சம்சாரமே குடத்தோட வந்து நின்னா, சென்னம்மா அந்தக் குடத்தை வாங்கி ரொப்பிக் குடுத்தா. கோவிந்தன் எங்ககூடப் பேசறதில்ல, பேசாட்டிப் போறான்.

மேஸ்திரி முருகனை வரச்சொல்லியிருக்கேன், விரிசலை மேல பூசி மறைக்க வேணாம், சுவத்தைச் சுத்திக் கம்பி வெச்சு காங்கிரீட் பெல்ட் போட்டே கட்டுங்கன்னு. பரண்ல இருந்த அண்டாவெல்லாம் இறக்கியாச்சு. இந்த வூட்டை வுட்டு நாங்க எங்கயும் போறதா இல்ல, நீயும் பயந்துட்டு வேலைய வுட்டு வராத. கட்டில் பக்கத்துல செருப்பும் டார்ச்சும் வெச்சுக்க, ஆடுனா மேசைக்கடியில போய் தலைய மூடிக்க, அப்புறம் மறக்காம எனக்கு ஒரு மிஸ்டு காலாவது குடு. முனியப்பன் உன்னைக் காப்பாத்தட்டும், நீ நூறு வருசம் நல்லா இருக்கணும் சாமி.

உன் அம்மா,
யுவராணி