உங்களுக்கும் சேர்த்து அடிச்ச மணி

அட்டன்
செவ்வாய் காலமை

இஞ்சாருங்கோ,

வாழைக்கு ஆர் தண்ணி இறைக்கினம்? போனிலை கேட்டால் கதையை மாத்துவியள், அதுதான் எழுதுறன்.

சிவனொளிபாதமலை ஏறிட்டன். எங்கடை நீர்வேலியிலை நான் ஏறின உயரம் கிணத்துக்கட்டு மட்டுந்தானே! உச்சியிலை முகில் எங்களுக்குக் கீழை வெள்ளைக் கடலாய்க் கிடந்தது. இறங்கி நடக்கலாம் போலை. கலைஞ்சிடுமெண்டு மூச்சுவிடவும் பயந்து நிண்டன்.

அங்கை ஒரு மணி இருக்கு. எத்தினையாந்தரம் ஏறுறமோ அத்தினைதரம் அடிக்கவேணும். நான் ரெண்டு அடிச்சன். பின்னாலை நிண்ட மனுசி, "ரெண்டாந்தரமோ அம்மா?" எண்டு கேட்டா. ஓமெண்டு தலையாட்டினன். ஒண்டு எனக்கு, மற்றது உங்களுக்கு எண்டு அவவுக்கு விளங்கப்படுத்தேலுமே?

கலியாணம் முடிச்ச வரியமே சேர்ந்து ஏறுவமெண்டனீங்கள். பிறகு வாழை, பிள்ளையள், போன வரியம் அந்த ஆசுப்பத்திரி.

அங்கை செய்து தந்த புதுக் கால் இன்னும் அலுமாரிக்குப் பின்னாலைதானே நிக்குது?

ஞாயிறு வாறன். அதுக்குள்ளை ஒருக்கால் அதைப் போட்டு, முத்தத்திலை நாலடி வையுங்கோ. மலைக்கு அவசரமில்லை, ஆறுதலாய்ப் போவம். சாமிக்கு முன்னாலை உங்கடை மணியை அடிச்சிட்டன். என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போடாதேங்கோ.

முழங்கால் நோவோடை,
உங்கடை மனுசி